காற்றில்லாத அறையில் ஓடிய கிலோமீட்டர்கள்

நகராமலே லட்சக்கணக்கான கிலோமீட்டர் கார் ஓட்டியவர் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கார்களைச் சோதித்துப் பார்க்கும் கூடம் ஒன்றில், சன்னலே இல்லாத அறையில், தரைக்குள் பாதி புதைந்த இரும்பு உருளைகள்மேல் காரின் சக்கரங்களை ஏற்றி, வண்டி எகிறிவிடாதபடி பட்டை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து ஓட்டுவார். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். காலையில் ஏறிய இடத்திலேயே மாலையில் இறங்கி, இன்றைக்கு நல்ல தூரம் போய்விட்டேன் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஓட்டுவது என்றால் இஷ்டத்துக்கு ஓட்டுவது அல்ல. எதிரே ஒரு திரை. அதில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் வந்துகொண்டே இருக்கும். கோடு ஏறினால் வேகம் கூட்ட வேண்டும், இறங்கினால் குறைக்க வேண்டும், தரையோடு படுத்தால் நிற்க வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அந்தச் சோதனை செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் தும்மினால்கூடத் தாண்டிவிடுவார்கள். இவர் தாண்டியதாக யாருக்கும் நினைவில்லை. நூல் பிடித்த மாதிரி ஓட்டுகிறவர் என்பதால் அங்கே அவருக்கு நூல்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

முழுதாகச் சார்ஜ் செய்தால் இந்த மின்சாரக் கார் இத்தனை கிலோமீட்டர் போகும் என்று கடையில் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கிறார்களே, அந்த எண் பிறப்பது இப்படிப்பட்ட அறையில்தான். அங்கே வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. மழை கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. ஏசியும் ஹீட்டரும் அணைந்திருக்கும். பின் இருக்கையில் பெட்டி படுக்கையோடு யாரும் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் ஊருக்குள் போகிற நிதானமான வேகம்தான். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் எடை போடுகிற மாதிரி அவ்வளவு பத்திரமாக அளப்பார்கள்.

அந்தக் கூடத்துப் பொறியாளர் அம்மாள் இவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே அறையில், ஒரே கோட்டில் ஓட்டினால்தான் நியாயம். இந்த எண் அதற்குத்தானே தவிர, இதை நம்பி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதற்கு அல்ல என்று. இவரும் ஒவ்வொரு முறையும் தலையாட்டியிருக்கிறார். தலையாட்டுவதில் நம் மனிதருக்கு நிகர் அவர்தான். உள்ளுக்குள் என்ன இருந்தது என்றால் பெருமை. தான் சோதித்த கார் தெருவில் போனால், "அதோட நம்பர் என் கால் போட்டது" என்று பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லிவிடுவார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

அவர் சோதித்த கார்களில் ஒன்று, நானூற்று இருபது என்று எண் போட்டது, நாலைந்து வருடம் ஓடியபின் விலைக்கு வந்தபோது அவரே வாங்கினார். ஊருக்குள் இதமான பருவத்தில் ஓட்டியபோது கிட்டத்தட்ட அந்தத் தூரத்தைக் கொடுக்கவும் செய்தது. கொடுக்காமல் என்ன செய்யும்? தெருவிலும் அவர் அறையில் ஓட்டுகிற மாதிரியேதான் ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தே அலுத்துப்போன ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அவளுடையதுதான். ஒரு மருத்துவமனையில் சீட்டுப் பதிகிற சன்னலில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அக்காவும் தங்கையும் சிறு வயதிலிருந்தே கையால் பேசி வளர்ந்தவர்கள். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சன்னலுக்கு வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. யாருக்கும் ஒன்றும் புரியாமல் அவளை அங்கும் இங்கும் அலைக்கழித்துக்கொண்டிருந்தபோது, இவள் எழுந்துபோய்க் கையால் கேட்டுச் சொன்னாள். வலி எங்கே, எப்போதிலிருந்து, கர்ப்பமா, எல்லாம். மருத்துவர் நன்றி சொன்னார். ஆனால் சான்றிதழ் இல்லாதவரை உள்ளே உட்கார வைக்க விதியில்லை என்றும் சொன்னார். அந்தப் பெண் தனியாக உள்ளே போனாள்.

அன்றைக்கு இரவு வீட்டில் இவள் சாப்பிடவில்லை. மறு வாரமே சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்பில் சேர்ந்தாள். வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு வருடம் படித்து முடித்தாள். மிச்சமிருந்தது கடைசித் தேர்வு. அது வருடத்துக்கு ஒருமுறை, தூரத்துப் பெருநகரத்தில் மட்டும் நடக்கும். படிப்பு முடிந்து மூன்று வருடத்துக்குள் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் மொத்தப் படிப்பும் மறுபடி முதலிலிருந்து.

முதல் வருடம் தேர்வு நாளன்று நூல்காரருக்கு அவசரச் சோதனை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கு ஜுரம் வேறு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அடுத்த வருஷம் போய்விடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அடுத்த வருடம் கிளம்புகிற நேரத்தில் சிறுநீரகக் கல் வலியால் அவர் துடித்துப் போனார். அவள் தேர்வுக்குப் போகாமல் அவரோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். அப்போதும் வலிக்கு நடுவே அதையேதான் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி ஒன்றும் சொல்லாமல் இருப்பது வீட்டில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வருடம் அவள் முந்தின நாளே போய் ஒரு விடுதியில் தங்கிவிடலாம் என்றாள். நூல்காரர் சிரித்தார். முந்நூறு கிலோமீட்டர்தானே, நம் வண்டி நானூற்று இருபது போகுமே, காலையில் வீட்டில் காபி குடித்துவிட்டு ஒரே மூச்சில் போய் இறங்கலாம், வழியில் சார்ஜுக்குக்கூட நிற்க வேண்டாம் என்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் சொன்னது இதுதான்:

"அந்த நம்பரை எவனோ போடல. நான் போட்டது. என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

இப்படிக் கேட்டுவிட்டால் ஒரு மனைவி என்னதான் சொல்வாள்? சரி என்றாள்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிய காலை கடும் குளிர். கண்ணாடியில் பனி உறைந்து, சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தைரியம் சொல்ல நானும் வருவேன் என்று தங்கையும் ஏறிக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். நாற்பது வயதாகியும் சின்னவள்தான். கண்ணாடிப் பாட்டில் செய்கிற தொழிற்சாலையில், ஓடுகிற பட்டையில் வரும் பாட்டில்களில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. அவளும் நூல்காரரும் ஒரே குடும்பத்தில் இருபது வருடமாக இருந்தும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் இல்லை. சாப்பாடு, தூக்கம், வா, போ என்ற நாலு சைகை தவிர அவருக்கு எதுவும் தெரியாது. கற்றுக்கொள்ளவும் தோன்றியதில்லை. நடுவில் பெண்டாட்டி இருக்கிறாளே என்று இருந்துவிட்டார்.

அக்காவும் தங்கையும் பின்னால் உட்கார்ந்து கையால் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவ்வப்போது சிரிப்பு. தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்து நூல்காரருக்குச் சந்தேகம். பேசினால்தான் என்ன, காதில் விழவா போகிறது என்று ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டினார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் எதிர்க்காற்று வண்டியின் முகத்தில் அடித்தது. சாலையில் எல்லோரும் நூற்றுப் பத்தில் போனார்கள், இவரும் போனார். எதிரே கோடு இல்லையே, யாரைப் பின்பற்றுவது? பக்கத்தில் போகிறவனைத்தான். கொஞ்ச நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வண்டி போனது. சார்ஜ் நூறிலிருந்து எண்பதுக்கு வந்ததை அவர் கவனித்தார். கொஞ்சம் சீக்கிரமாக வந்த மாதிரி இருந்தது. எழுபதைப் பார்த்தபோது கழுத்தைச் சொறிந்துகொண்டார். அறுபதைப் பார்த்தபோது கண் ஓடிய கிலோமீட்டர் பக்கம் போனது. போன தூரத்தை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். நானூற்று இருபதாவது ஒன்றாவது, இந்த வேகத்தில் போனால் மொத்தமே இருநூற்று எழுபதைத் தாண்டாது. பெருநகரத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு வயல்வெளியில் வண்டி நின்றுவிடும்.

வழியில் இருந்த ஒரே சார்ஜ் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பினார். இரண்டு இயந்திரங்களில் ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு சரக்கு வேன் சொருகியிருந்தது, அதன் பின்னால் மூன்று கார்கள். அடுத்த நிலையம் எங்கே என்று கேட்டார். நகரத்து வாசலில் என்றார்கள். வரிசையில் நின்று பார்த்தார். வேன்காரர் வந்தபாடில்லை. அரைமணி நேரம் போனது. இங்கேயே நின்று சார்ஜ் ஏற்றினால் தேர்வுக் கூடத்தின் கதவு பதினொரு மணிக்குச் சாத்தப்படும்போது இவர்கள் பாதி வழியில் இருப்பார்கள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் மனைவியின் முகம் தெரிந்தது. கைகள் மடியில் கிடந்தன.

"ஏங்க," என்றாள். "இந்த வண்டி நிஜமா எவ்வளவு தூரம் போகும்?"

அவரிடம் யார் கேட்டாலும் நொடியில் வருகிற எண் அன்றைக்கு வரவில்லை.

"தெரியலம்மா," என்றார். தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொன்னார். சொன்னதும் காது மடல் வரை சூடாகிவிட்டது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை என்பது போலத் தங்கையின் பக்கம் திரும்பிக் கையால் வேகமாக ஏதோ சொன்னாள். சின்னவள் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள், பிறகு முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டிச் சார்ஜ் காட்டுகிற இடத்தைப் பார்த்தாள். மனைவி அவருக்கு விளக்கினாள். சார்ஜ் நூற்றில் ஒரு பங்கு குறைவதற்குள் எத்தனை கிலோமீட்டர் கல் கடந்தோம் என்று சின்னவள் பார்த்துக்கொண்டே வருவாள். இருக்கிற சார்ஜுக்கும் மிச்ச தூரத்துக்கும் ஒவ்வொரு பங்குக்கும் மூன்றரை கிலோமீட்டர் கிடைத்தால் போய்ச் சேரலாம். குறைவாகக் கிடைத்தால் அவள் கை கீழே இறங்கும், போதுமான அளவு கிடைத்தால் கை நடுவில் நிற்கும், அதிகமாகக் கிடைத்தால் ஏறும். மழையில் கல் எங்கே கண்ணுக்குத் தெரியும் என்று அவர் கேட்க நினைத்தார். பாட்டிலில் மயிரிழை பார்க்கிறவளிடம் அதைக் கேட்பது அசட்டுத்தனம் என்று வாயை மூடிக்கொண்டார்.

வரிசையை விட்டு வண்டியை வெளியே எடுத்து, ஹீட்டரை அணைத்தார்கள். குளிர் கால் வழியாக ஏறியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே போர்வையை அக்காவும் தங்கையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூச்சுக்காற்றில் முன்கண்ணாடி மங்கியது. மனைவி போர்வையைத் தங்கையிடம் விட்டுவிட்டு முன் இருக்கைக்கு வந்து கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நூற்றுப் பத்தைத் தொண்ணூறாக்கினார். சின்னவளின் கை கீழே இறங்கியே இருந்தது. எண்பதாக்கினார். கை மெல்ல எழுந்து நடுவில் நின்றது.

அங்கேதான் அவருக்குத் தன் தொழில் திரும்பக் கிடைத்தது. திரையில் வருகிற கோட்டைப் பார்த்து ஓட்டிய அதே கண், அதே கால். இப்போது கண்ணாடியில் தெரிகிற கொழுந்தியாளின் கையைப் பார்த்து ஓட்டினார். காற்று பலமாக அடித்தால் கை தாழும், அவர் காலைத் தளர்த்துவார். ஒரு மரச்சோலையின் ஓரம் போகும்போது காற்று அடங்கும், கை ஏறும், அவர் கொஞ்சம் மிதிப்பார். அளவாக இடைவெளி விட்டு ஒரு லாரியின் பின்னால் போனபோதும் கை ஏறியது. காற்று என்பது இவ்வளவு பாரமான பொருள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அறையில் வண்டிக்கு எதிரே ஒரு ராட்சத மின்விசிறி உண்டு. வண்டி சூடாகாமல் இருப்பதற்காக வைத்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் காற்று என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மேடு வந்தது. மலை என்று சொல்ல முடியாது. ஆனால் சாலை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போனது. சின்னவளின் கை இறங்கியது, இன்னும் இறங்கியது, இருக்கைக்குக் கீழேயே போய்விட்டது. எண்பதிலிருந்து எழுபதுக்கு வந்தார், அப்போதும் கை எழவில்லை. இதற்கு மேல் குறைத்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வேகமாகப் போனால் சார்ஜ் தீர்ந்துவிடும், மெதுவாகப் போனால் கதவு சாத்திவிடும். மூன்றாவது வருடமும் தன்னாலேயே போகப் போகிறது என்ற எண்ணம் வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க முயன்றார். கண்ணாடி துடைக்கிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது எதை மறைப்பது?

அவள் துடைப்பதை நிறுத்தாமலே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"நீங்க பொய் சொல்றவர் இல்லைங்க. அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்றதெல்லாம் அந்த ரூம்குள்ள உட்கார்ந்து சொல்றது. 'அடுத்த வருஷம் போயிடலாம், நான் பார்த்துக்கிறேன்'னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. மனசாரத்தான் சொன்னீங்க. வெளிய காத்தடிக்கும், பிள்ளைக்கு ஜுரம் வரும், உங்களுக்கே ஏதாவது ஆகும்னு ஒருநாளும் சேர்த்துக்கல. சேர்த்திருந்தா ஒரு ஆளையாவது ஏற்பாடு பண்ணி வச்சிருப்பீங்க. நேத்தே கிளம்பலாம்னு நான் சொன்னது அதுக்குத்தான்."

அவர் ஆமாம் என்றார். அவர் எண் பொய்யில்லை. அவர் அன்பும் பொய்யில்லை. இரண்டும் காற்றில்லாத இடத்தில் அளந்தவை, அவ்வளவுதான். இதை அவள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகையும் வந்தது, எப்படியோ கொஞ்சம் ஆறுதலும் வந்தது. இரண்டு வருடமாக வீட்டை அடைத்துக்கொண்டிருந்த அந்த மௌனம் உடைந்ததே, அந்த ஆறுதல்.

மேட்டின் உச்சியில் சார்ஜ் இருபதுக்கும் கீழே போயிருந்தது. மிச்சமிருந்த தூரத்துக்கு அது போதாது என்று மூன்று பேருக்குமே தெரியும். சாலை சமமானது, பிறகு சரிந்தது. நூல்காரர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிரேக்கைத் தொடவில்லை. வண்டி தானாக இறங்கியது. இறங்குகிற வேகத்தையே மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிற வண்டி அது. இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான், அறையில் கோடு இறங்கும்போதெல்லாம் நடப்பதுதான். ஆனால் அங்கே கோடு இறங்கினால் இரண்டு மூச்சில் மறுபடி ஏறிவிடும். இங்கே சரிவு முடிவதாகவே இல்லை. வளைவு தாண்டி இன்னொரு வளைவு, அதற்கப்புறமும் இறக்கம். பின்னாலிருந்து சின்னவள் அவர் தோளைத் தட்டினாள். கண்ணாடியில் பார்த்தார். அவள் கை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

சார்ஜ் ஒன்று கூடியிருந்தது. பிறகு இன்னொன்று. மனைவி சிரித்துவிட்டாள். ஏறும்போது இந்த மேடு பிடுங்கிக்கொண்டதை முழுசாகத் திருப்பித் தராவிட்டாலும் மனசு வைத்துக் கொஞ்சம் தருகிறதே என்றாள். அடிவாரத்தில் மழையும் விட்டிருந்தது. எதிர்க்காற்றும் அடங்கிவிட்டது. கடைசி ஐம்பது கிலோமீட்டரும் சின்னவளின் கை நடுவுக்குக் கீழே வரவே இல்லை.

தேர்வுக் கூடத்தின் தெருவுக்குள் நுழைந்தபோது சார்ஜ் எண்ணே காட்டவில்லை, ஒரு கோடு மட்டும் சிவப்பாக இருந்தது. வாயிற்காவலர் கதவில் கை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இறங்கி ஓடினாள். நாற்பத்தெட்டு வயதுக்காரி, குளிரில் விறைத்த காலோடு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதை அந்தத் தெருவே பார்த்தது. காவலர் நுழைவுச் சீட்டைப் பார்த்துவிட்டு விலகி நின்றார். அவள் உள்ளே போனபிறகு கதவு சாத்தப்பட்டது. நூல்காரர் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மி அழுதார். சின்னவள் பின்னாலிருந்து போர்வையை எடுத்து அவர்மேல் போட்டாள்.

அப்புறம்தான் வேடிக்கை. இரண்டு பேரும் தனியாக மாட்டிக்கொண்டார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாக நடுவில் ஆள் இல்லை. வண்டியைப் பக்கத்துச் சார்ஜ் நிலையத்துக்குத் தள்ளாத குறையாகக் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு, ஒரு கடையில் உட்கார்ந்து ஏதோ வாங்கிச் சாப்பிட்டார்கள். நூல்காரருக்கு அவளிடம் நன்றி சொல்ல வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. கும்பிட்டார். அவள் சிரித்துவிட்டு, அப்படி இல்லை என்று தலையசைத்தாள். அவர் விரல்களைப் பிடித்து, நெஞ்சின் அருகே வைத்து, எப்படி முன்னே கொண்டுவர வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். அவர் செய்தார். தப்பு. மறுபடி செய்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. மனைவி தேர்வு முடிந்து வந்தபோது நூல்காரருக்கு நன்றி, மழை, வண்டி, மெதுவாக, நான் முட்டாள் என்கிற வரைக்கும் வந்திருந்தது. கடைசிச் சைகையைத்தான் சின்னவள் எல்லாவற்றையும்விடச் சிரத்தையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மனைவி தேர்வில் தேறினாள். வாரத்துக்கு இரண்டு நாள் சின்னவள் வீட்டுக்கு வந்து அத்தானுக்குக் கைப்பாடம் நடத்தினாள். கூடத்தில் நூல்காரர் பழையபடி கோட்டைத் தாண்டாமல்தான் ஓட்டினார், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் யாராவது இந்த வண்டி எவ்வளவு போகும் என்று கேட்டால், எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எப்போது என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். கேட்டவர்கள், இவரிடம் ஏன் கேட்டோம் என்று ஓடினார்கள். பொறியாளர் அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, இத்தனை வருஷம் நான் தொண்டை வற்றச் சொன்னது உள்ளே போக ஒரு மலை தேவைப்பட்டதா என்றாள்.

மனைவிக்கு முதல் அழைப்பு தொலைவில் இருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் சொல்வதைக் காது கேளாத ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நூல்காரருக்கு அன்றைக்கு விடுப்பு இருந்தது. கூட வரவா என்று கேட்டார். வேண்டாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முந்தின மாலையே உட்கார்ந்து பாதையைப் பார்த்தாள். எங்கே மேடு, எங்கே காற்று, காலையில் எவ்வளவு குளிர் இருக்கும், எங்கே நின்று சார்ஜ் ஏற்றுவது, அந்த இயந்திரம் செத்துக் கிடந்தால் அடுத்தது எது என்றெல்லாம் யோசித்தாள். அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவரும் எந்த எண்ணும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

காலையில் அவள் கிளம்பினாள். வழியனுப்பச் சின்னவளும் வந்திருந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தபிறகும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். மரங்களின் தலையைப் பார்த்தாலே தெரிந்தது, காற்று நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் அவர் பக்கம் திரும்பிக் கையால் கேட்டாள். போய்ச் சேர்ந்துவிடுமா?

காலமெல்லாம் இந்தக் கேள்விக்குத் தன் காலால் பதில் எழுதியவர் கைகளை உயர்த்தினார். விரல்கள் தடுமாறின.

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சின்னவள் உற்றுப் பார்த்தாள். பாட்டிலில் கீறல் தேடுகிற அதே பார்வை. ஒரு விரலைப் பிடித்து நேராக்கிவிட்டு, இன்னொரு முறை என்று சைகை செய்தாள். அவர் மறுபடியும் சொன்னார்.